தைலம் தொடுமுன்

எண்ணெய் தேய்த்து உடலை நீவிவிடும் சிகிச்சையில் வேலையின் பாதி, நீவுகிறவரின் கை உடலைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் இன்றைய இயன்முறை மருத்துவமும் பலவற்றில் வேறுபட்டாலும் இந்த ஒன்றில் வேறுபடுவதில்லை. எந்த உடலைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எந்த நாளில் தள்ளிப்போட வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொண்ட பிறகே மூன்றும் கையை நீட்டுகின்றன. அந்தத் தீர்மானத்துக்கு வேண்டிய செய்திகளோ படுத்திருப்பவரிடம்தான் இருக்கின்றன. அவர் வாய் திறந்து சொல்லாதவரை, எத்தனை தேர்ந்த கையானாலும் அது இருட்டில் துழாவும் கைதான். ஆகவே மசாஜுக்கு ஆயத்தமாவது என்பது துண்டும் மாற்றுடையும் எடுத்து வைப்பதோடு முடிவதில்லை; தன் உடலின் அன்றைய நிலையைத் தானே பார்த்து அறிந்து, அறிந்ததைக் கூச்சமின்றிச் சொல்லத் தயாராவதே அதில் முதன்மையானது.

இதை விளக்க மின்னி பே பொருத்தமான இடம். அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரில், ஜங்கிலிகாட்டை அடுத்துக் கடலோரமாக அமைந்த குடியிருப்புப் பகுதி அது. தலைநகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று நடுவணரசு புதுப்பெயர் சூட்டியது. மக்கள் பேச்சில் போர்ட் பிளேர் என்ற பெயர் இன்னும் வழங்குவதால் இங்கும் அதுவே ஆளப்படுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும் ஊர். தாய்நிலத்திலிருந்து வருகிறவர்கள் கப்பலிலோ விமானத்திலோ வந்து, கடலில் மூழ்கிப் பவளப்பாறை பார்த்துவிட்டு, களைத்த உடலோடு ‘ஸ்பா’ பலகைகளைத் தேடும் ஊர். மழை, கடல், பயணம், காய்ச்சல் ஆகிய நான்கும் மசாஜ் மேசையில் படுக்கும் உடலின்மேல் தத்தம் தடத்தைப் பதித்துவிட்டே வருகின்றன. அவற்றைக் கணக்கில் கொள்ளாமல் எழுதப்படும் பொதுவான அறிவுரைகள் இந்தத் தீவுகளுக்குப் போதமாட்டா.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் எந்தச் சிகிச்சைக்கு நேரம் குறிக்கப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்தே ஆயத்தமும் மாறும். சித்த மருத்துவத்தில் உடலைக் கையால் பிடித்தும் அழுத்தியும் குணப்படுத்தும் முறைக்குத் தொக்கணம் என்று பெயர். வெளியிலிருந்து உடலுக்குச் செய்யப்படும் முப்பத்திரண்டு வகைப் புறமருந்துகளில் அது ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது கைமுறைகளாக அதைப் பகுத்திருக்கிறார்கள். இந்தப் பட்டியலை ஒருமுறை வாசித்தாலே, இழுப்பதும் முறுக்குவதும் எலும்பு வலுவிழந்த முதியவருக்கும் தட்டுவது கருவுற்ற பெண்ணின் வயிற்றுக்கும் ஆகாது என்பது விளங்கிவிடும். ஆயுர்வேதத்தில் உடல் முழுவதும் தைலம் பூசித் தேய்ப்பது அப்யங்கம் எனப்படுகிறது. இதில் கையின் வலிமையைவிடத் தைலம் தோலில் ஊறுவதே முதன்மை. தாய்லாந்தின் ‘நுவாத் தாய்’ முறையை யுனெஸ்கோ 2019இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அதில் எண்ணெய்க்கு இடமில்லை, ஆடை அணிந்தபடியே தரையில் விரித்த மெத்தையில் கைகால்களை நீட்டி மடக்குவார்கள். ஸ்பாக்களில் ‘ஸ்வீடிஷ்’ என்று விற்கப்படுவது எண்ணெயுடன் நீவுதல், பிசைதல், தட்டுதல் ஆகியவை கலந்த மேலைநாட்டு முறை. நுவாத் தாய்க்கு இறுக்கமான ஜீன்ஸ் அணிந்து போகிறவரும், அப்யங்கத்துக்குப் புத்தம்புதிய வெள்ளைச் சட்டையில் போகிறவரும் பெயரைக் கேட்டார்களேயன்றி முறையைக் கேட்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

போர்ட் பிளேரில் பல மொழியினர் கலந்து வாழ்வதாலும் இந்தி பொதுமொழியாக நிலவுவதாலும் இவை எல்லாவற்றுக்கும் ‘மாலிஷ்’ என்ற ஒரே சொல் போதும் என்ற நிலை இருக்கிறது. சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. நிக்கோபாரி மக்களிடையே கையால் நீவிக் குணப்படுத்தும் மரபு மருத்துவர்கள் உண்டு. ஆயினும் அவர்களுடைய தீவுகளுக்கு வெளியார் அனுமதியின்றிப் போக இயலாது. எனவே அந்த மரபின் பெயரைச் சொல்லி நகரில் எவரேனும் சேவை வழங்கினால், செய்கிறவர் யார், எவரிடம் கற்றார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு நேரம் குறிப்பதே அந்த மரபுக்குச் செய்யும் மரியாதை.

சொல்லின் வரலாற்றில் ஓர் இடைக்குறிப்புக்கு இடமிருக்கிறது. இன்று தலைக்குத் தேய்க்கும் நுரைப்பொருளைக் குறிக்கும் ‘ஷாம்பு’ என்ற சொல், அழுத்திப் பிடித்துவிடுதல் என்ற பொருளுடைய இந்திச் சொல்லிலிருந்து பிறந்தது. பாட்னாவில் 1759இல் பிறந்த ஷேக் தீன் முகம்மது என்பவர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் அந்தப் பெயரிலேயே குளியலகம் நடத்தி, நான்காம் ஜார்ஜ் மன்னருக்கும் சிகிச்சை அளிக்கும் நிலைக்கு உயர்ந்தார். அங்கு வந்தவர்களை அவர் நேராகப் பிடித்துவிடத் தொடங்கியதில்லை; மூலிகை ஆவியில் உடலை வேர்க்கவைத்துத் தசைகளை இளக்கிய பின்னரே கைவைத்தார். ஆயத்தம் சிகிச்சையின் ஒரு பகுதி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி, இந்தத் தீவுகளில் மற்ற எல்லா ஆயத்தங்களுக்கும் முன்னால் நிற்க வேண்டிய செய்தி காய்ச்சல் பற்றியது. 1980களின் இறுதியிலிருந்து அந்தமானில் மழைக்காலம் முடியும் தறுவாயில் காரணம் தெரியாத ஒரு காய்ச்சல் பரவி, நுரையீரலில் இரத்தக்கசிவை உண்டாக்கி உயிர்களைப் பறித்தது. காரணம் புரியாத நிலையில் அதற்கு ‘அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1993இல் வட அந்தமானின் திக்லிப்பூரில் அது கிளம்பியபோது நடந்த ஆய்வுகளே அதை லெப்டோஸ்பைரா என்ற நுண்ணுயிரியால் வரும் எலிக்காய்ச்சல் என்று அடையாளம் காண வழிவகுத்தன. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நடப்பவர்களின் தோல் கீறல் வழியாக இந்த நுண்ணுயிரி உடலுக்குள் புகுகிறது. போர்ட் பிளேரில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையம் இந்நோய் பற்றிய ஆய்வுக்குப் பெயர் பெற்றது.

மசாஜுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். எலிக்காய்ச்சலின் முதன்மையான அறிகுறிகளில் ஒன்று கெண்டைக்கால் தசையில் எழும் கடும் வலி. காய்ச்சல், தலைவலி, கண் சிவத்தல் ஆகியவற்றோடு கெண்டைக்காலைத் தொட்டாலே துடிக்கும் அளவுக்கு வலி வருகிறது. வயலிலோ தோட்டத்திலோ மழைநீர் தேங்கிய தெருவிலோ நடந்து திரிந்த ஒருவர் அந்த வலியை வேலைக் களைப்பு என்று எண்ணி, மாத்திரை ஒன்றை விழுங்கிக் காய்ச்சலை அடக்கிக்கொண்டு, காலைப் பிடித்துவிடச் சொல்லிப் போய்ப் படுப்பது மிக எளிதாக நடக்கக்கூடிய செயல்; ஊரில் எவரும் அதைத் தவறென்று சொல்லவும் மாட்டார்கள். ஆனால் இந்நோய்க்கு உரிய நேரத்தில் கொடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உயிர் காக்கும். தாமதமானால் சிறுநீரகமும் கல்லீரலும் நுரையீரலும் பழுதுபடும். பிடித்துவிட்டதில் வலி சற்றே தணிந்ததுபோலத் தோன்றி ஒருநாளோ இரண்டுநாளோ கழிந்துவிட்டால், இழந்தது அந்த நேரத்தைத்தான்.

டெங்குவும் இதே வகையில் எண்ணத்தக்கது. உடல் முறித்துப்போட்டதுபோல வலிக்கும் அந்தக் காய்ச்சலில் இரத்தம் உறையத் துணைபுரியும் தட்டணுக்கள் குறைந்துவிடுவதால், சாதாரணமாக அழுத்தினாலும் தோலுக்கடியில் இரத்தம் கன்றிப்போகும். சிக்குன்குனியா 2006இல் அந்தமானுக்கு வந்தபோது மூட்டுவலியால் நடக்க முடியாமல் போனவர்கள் பலர். வீங்கிய மூட்டை முறுக்கியும் இழுத்தும் விடுவது அந்த வீக்கத்தை மிகுவிக்கவே செய்யும். ஆகவே ஒரே ஒரு விதியை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் வைத்துக்கொள்ள வேண்டியது இது: காய்ச்சல் இருக்கும் உடலுக்கும், சில நாள்களுக்கு முன்வரை காய்ச்சல் இருந்து இன்னும் தெளியாத உடலுக்கும் மசாஜ் கிடையாது. காய்ச்சல்மானி இல்லாத வீட்டில் அதை வாங்கி வைப்பது நறுமணத் தைலம் வாங்குவதைவிடப் பயனுள்ள ஆயத்தம்.

கடலில் முக்குளித்தவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஹேவ்லாக் என்று பழகிப்போன சுவராஜ் தீவுக்குக் காற்றுருளையுடன் கடலுக்குள் மூழ்கப் போகிறவர்கள், மாலையில் தோள்வலி என்று மசாஜுக்கு நேரம் குறிப்பது வழக்கம். ஆழத்தில் நீரின் அழுத்தத்தால் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன் வாயு, மேலே விரைவாக எழும்போது குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளிலும் நரம்புகளிலும் தங்கி வலியையும் மரத்துப்போதலையும் உண்டாக்குவதுண்டு. இதனை அழுத்தக்குறைவு நோய் என்பர். தோளிலும் முழங்கையிலும் வலியாகத்தான் அது பெரும்பாலும் தொடங்கும். மசாஜ் அந்த நோயை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. எனினும் ஆழ அழுத்திப் பிடித்ததால் வந்த தசைவலியையும் நோயால் வந்த வலியையும் பிரித்தறிய முடியாமல் போவதால், முக்குளித்த அன்று ஆழ்ந்த மசாஜைத் தவிர்க்கும்படி முக்குளிப்போர் பாதுகாப்பு அமைப்புகள் சொல்கின்றன. மூழ்கியதைச் சொல்லாமல் படுக்கிறவர், வலியின் காரணத்தைத் தேடும் மருத்துவரின் வழியையும் சேர்த்து மறைத்துவிடுகிறார். போர்ட் பிளேரில் இயங்கும் கடற்படை மருத்துவமனை ஆயுர்வேதத்தின் தெய்வமாகப் போற்றப்படும் தன்வந்திரியின் பெயரைத் தாங்கி நிற்பது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. கடலும் வைத்தியமும் இந்நகரில் அவ்வளவு நெருக்கமானவை.

கப்பலில் வந்தவர்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். கப்பல் அந்தத் தொலைவைக் கடக்க ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். குமட்டலால் சரியாக நீர் அருந்தாமல், படுக்கையிலேயே அசையாமல் கிடந்து வந்தவரின் காலில் உள்ள ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பு உண்டு. இரண்டு காலும் சமமாக வீங்கியிருந்தால் அது நெடுநேரம் உட்கார்ந்ததன் விளைவாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து, அழுத்தினால் வலித்தால் அந்தக் காலை எவரும் நீவக்கூடாது. நீவினால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. நேரம் குறிப்பதற்கு முன் இரு கால்களையும் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும்.

நாள்பட்ட நோய்களில், மசாஜ் செய்கிறவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை சில உள்ளன. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை உட்கொள்பவர் அதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அழுத்தம் அவருக்குக் கன்றலாக முடியும். நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர், தைலத்தின் சூட்டைப் பாதத்தில் சோதிக்க விடாமல் முன்கையில் சோதிக்கச் சொல்ல வேண்டும். சுட்டது தெரியாமல் கொப்புளித்த பிறகு அறிவது மிகப் பிந்தியது. இரத்த அழுத்தம் கட்டுப்படாதவரும் அண்மையில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவரும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரும் தம் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். கருவுற்றிருப்பதை வெளியில் சொல்லும் நாள் இன்னும் வரவில்லை என்று குடும்பத்தில் நினைத்திருந்தாலும், மசாஜ் செய்யும் பெண்ணிடம் மட்டும் அதை மறைக்கக் கூடாது. மகப்பேறு மருத்துவரின் ஒப்புதலும், குப்புறப் படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கும் ஏற்பாடும் அப்போது தேவை.

அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலில் வாக்படர் அன்றாட ஒழுக்கங்களைச் சொல்லும் பகுதியில் அப்யங்கத்தை நாள்தோறும் செய்யத்தக்கதாகவும், தலையிலும் காதுகளிலும் பாதங்களிலும் சிறப்பாகச் செய்யத்தக்கதாகவும் விதிக்கிறார்; அதே மூச்சில், கபம் மிகுந்தவருக்கும் உடலைச் சுத்திகரிக்கும் சிகிச்சை முடித்த கையோடு இருப்பவருக்கும் செரியாமை உள்ளவருக்கும் அதை விலக்கியும் விடுகிறார். புகழ்கிற நூலே விலக்கும் சொல்வதுதான் அந்த மரபின் நேர்மை. உணவு பற்றிய இன்றைய அறிவுரையும் வாக்படரின் மூன்றாம் விலக்கோடு ஒத்துப்போகிறது: வயிறு நிறைய உண்டு இரண்டு மணி நேரமாவது கழியாமல் குப்புறப் படுக்கக்கூடாது. அதற்காகப் பட்டினியாகப் போவதும் சரியன்று. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர் வெறும் வயிற்றோடு ஒரு மணி நேரம் படுத்திருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடக்கூடும். இரண்டு இட்டலியோ ஒரு குவளைக் கஞ்சியோ முன்னதாக உண்பது போதுமானது. மது அருந்திவிட்டுப் போவது எந்த முறையிலும் ஏற்கப்படாது. வலியின் எல்லையை உணர்த்தும் புலன் மழுங்கிய உடலில் எவ்வளவு அழுத்தலாம் என்று எவராலும் அறிய முடியாது.

தண்ணீரோ இளநீரோ அளவோடு அருந்திப் போவது இந்த ஈரப்பதம் மிகுந்த, வியர்வை ஓயாத ஊரில் நல்லது. ஆனால் மசாஜ் உடலிலிருந்து நச்சுகளைப் பிழிந்தெடுக்கிறது, அவற்றை வெளியேற்ற நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று விளம்பரங்களில் சொல்லப்படுவதற்கு அறிவியல் சான்று கிடையாது. கழிவுகளைப் பிரிக்கும் வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் செய்கின்றன. மசாஜால் தசை இளகுகிறது, மனம் அமைதியடைகிறது, உறக்கம் கூடுகிறது. இந்த நன்மைகளே போதுமானவை, இல்லாத ஒன்றை அதன்மேல் ஏற்றத் தேவையில்லை.

தைலத்தைப் பற்றிக் கேட்பதும் ஆயத்தத்தில் அடங்கும். தன்வந்தரம் தைலத்தில் குறுந்தொட்டி வேர் முதன்மையானது. அது வாத நோய்களுக்கும் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னான உடல் தேறுதலுக்கும் பயன்படுவது. எரிச்சலும் சூடும் உள்ள மூட்டுவலிக்குப் பிண்டத் தைலம் தேர்ந்தெடுக்கப்படும். பெரும்பாலான தைலங்களுக்கு நல்லெண்ணெய் அடிப்படையாக இருப்பதால் எள் ஒவ்வாதவர் முன்பே சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். போர்ட் பிளேரில் இரவிலும் வெப்பம் அதைவிட மிகவும் தாழ்வதில்லை என்பதால், மார்கழியில் தமிழ்நாட்டு வீடுகளில் உறைந்து கிடக்கும் அதே எண்ணெய் இங்கே பெரும்பாலும் ஓடும் நிலையிலேயே இருக்கிறது. தெற்கு அந்தமானில் இயற்கை முறையில் தென்னை வளர்த்து ‘நாரியல் அம்மா’ என்று பெயர் பெற்ற கே. செல்லம்மாளுக்கு 2024ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தென்னை இந்தத் தீவுகளின் வாழ்வில் பெற்றிருக்கும் இடத்துக்கு அது ஒரு சான்று. எந்த எண்ணெயானாலும், புதியதென்றால் முந்தைய நாளே முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, ஒரு நாள் கழித்துச் சிவப்போ அரிப்போ இருக்கிறதா என்று பார்ப்பது சிறந்த வழி. எலுமிச்சை இனப் பழங்களின் தோலிலிருந்து எடுக்கப்படும் சில நறுமண எண்ணெய்கள் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கக்கூடியவை என்பதால், மசாஜ் முடித்துக் கடற்கரைக்குப் போக எண்ணுகிறவர் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோலைப் பற்றிய கூச்சம் இந்த ஊரில் பலரைத் தடுக்கும் ஒன்று. ஓயாத ஈரத்தில் தொடையிடுக்கிலும் அக்குளிலும் மார்புக்கடியிலும் படர்தாமரையும் தேமலும் வருவது இயல்பு. அது தூய்மைக் குறைவுக்கு அடையாளம் அன்று. மறைத்துக்கொண்டு படுத்தால், நீவும் கையே பூஞ்சையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோகும், அடுத்து வருகிறவரின் உடலுக்கும் கொண்டுபோகும். கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டிராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை உள்ளுக்குள் வளர்ப்பதால், தோல் மருத்துவரைப் பார்த்துக் குணமாகும்வரை மசாஜைத் தள்ளிப்போடுவதே முறை. கடற்கரை மணல் ஈக்கள் கடித்துச் சொறிந்த புண்ணும் பவளப்பாறை கிழித்த காயமும் வெயில் பொசுக்கிய தோளும் ஆறும்வரை அந்தந்த இடங்களைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும். போவதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் குளித்து உப்பையும் மணலையும் வெயில்காப்புக் களிம்பையும் கழுவிவிடுவது தன் தோலுக்கும் அடுத்தவர் கைக்கும் செய்யும் நன்மை; ஒரு மணல் துகள் தைலத்தோடு சேர்ந்தால் உப்புத்தாள்போலத் தோலை உராயும். அன்று காலையில் மழிப்பதைத் தவிர்க்க வேண்டும், மழித்த தோலில் தைலம் எரியும்.

நகைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுவது எளிது. தாலியைப் பற்றித்தான் தமிழ்ப் பெண்கள் பலருக்குத் தயக்கம் எழுகிறது. அதைக் கழற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்த மருத்துவ முறையிலும் இல்லை. கழுத்தையும் மேல்முதுகையும் நீவும்போது முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொள்ளலாம், துணியால் சுற்றி வைக்கலாம், அந்தப் பகுதியையே விட்டுவிடவும் சொல்லலாம். முதலிலேயே சொல்லிவிட்டால் அது ஒரு சிறிய ஏற்பாடு. சொல்லாமல் படுத்துவிட்டுச் சங்கடப்பட்டால் ஒரு மணி நேரமும் தசை இறுகியே கிடக்கும். ஆடையும் அப்படித்தான். அப்யங்கத்தில் இடுப்பில் கோவணத் துணி மட்டும் கட்டும் வழக்கம் இருந்தாலும், உள்ளாடையைக் களையாமல் இருக்கவும் நீவாத பகுதியைத் துணியால் மூடச் சொல்லவும் எவருக்கும் உரிமை உண்டு. கேரள ஆயுர்வேத நிலையங்களில் பெண்களுக்குப் பெண்களும் ஆண்களுக்கு ஆண்களுமே சிகிச்சை செய்வது நெடுநாள் மரபு. நேரம் குறிக்கும்போதே அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். முறையற்ற தொடுதல் நிகழ்ந்தால் உடனே எழுந்து வெளியேறுவதற்கு எந்த விளக்கமும் தரத் தேவையில்லை.

மொழி தடையாகும் இடங்களில் மூன்று இந்திச் சொற்கள் பேருதவி செய்யும். வலிக்கிறது என்பதற்குத் ‘தர்த்’, மெதுவாக அழுத்தச் சொல்ல ‘ஹல்கா’, நிறுத்தச் சொல்ல ‘பஸ்’. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதே பலன் தரும் என்ற நம்பிக்கை தமிழரிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் வலிக்கு எதிராகத் தசை தன்னையறியாமல் இறுகும் என்பதால், பொறுக்க முடியாத அழுத்தம் சிகிச்சையின் நோக்கத்தையே தோற்கடிக்கிறது.

கழுத்தைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முடிதிருத்தகங்களிலும் சில மாலிஷ் இடங்களிலும் வேலை முடியும் தறுவாயில் தலையைப் பிடித்துச் சட்டென்று ஒருபுறமாகத் திருகிச் சொடக்கு எடுப்பார்கள். கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் போகின்றன. திடீர்த் திருகலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இளைஞர்களுக்கும் அது நேர்ந்திருக்கிறது. சொடக்கின் ஓசை நோய் நீங்கிய ஓசை அன்று, மூட்டுநீரில் வாயுக்குமிழி தோன்றும் ஓசை. ஆகவே உட்காரும்போதே ‘கழுத்தைத் திருக வேண்டாம்’ என்று சொல்லிவிடுவது நாகரிகக் குறைவு ஆகாது. அண்ணாச்சியோ பையாவோ எவ்வளவு பழகியவராக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில், முடிந்த பின் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். கப்பலோ விமானமோ ஏறும் நாளில் அவசரமாகச் செய்துகொள்ளும் மசாஜ் பயன் தருவதில்லை. கால் மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தால்தான் உடல்நிலையைச் சொல்லவும் மூச்சு சமனடையவும் அவகாசம் கிடைக்கும். முடிந்ததும் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றும். எண்ணெய் படிந்த உள்ளங்காலோடு ஈரத் தரையில் கால் வைத்தால் வழுக்கும். ஒருக்களித்து, உட்கார்ந்து, பாதத்தைத் துடைத்த பிறகே நிற்க வேண்டும். எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில் குளிக்க வேண்டும் என்று சித்த மருத்துவர் தேரையர் வகுத்த நெறி தமிழ் வீடுகளில் இன்றும் வாழ்கிறது. பச்சைப்பயறு மாவோ சீயக்காயோ கொண்டுபோனால் சோப்பைவிட மென்மையாக எண்ணெயை எடுக்கலாம். அன்று பகலுறக்கத்தையும் குளிர்ந்த பண்டங்களையும் பெரியவர்கள் விலக்கச் சொல்வது மரபின் கூற்று; அன்று கடும் உழைப்பையும் கடற்குளியலையும் விலக்குவது நடைமுறை அறிவு. கறைபட்டாலும் கவலையில்லாத பழைய அடர்நிற உடை திரும்பும்போது அணிய ஏற்றது.

முன்பணம் கட்டிவிட்டோமே என்ற எண்ணம்தான் பலரை உடல் சரியில்லாத நாளிலும் மசாஜ் மேசைக்கு இழுத்துச் செல்கிறது. அந்தப் பணம் போனால் போகட்டும். மின்னி பேயிலிருந்து கோவிந்த வல்லப பந்த் அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் போக அரை மணி நேரம்கூட ஆகாது. மழைக்காலத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தவர் அருள்கூர்ந்து முதலில் அங்கே போக வேண்டும்.